வலது தோள்

இப்போதெல்லாம் எவனும் துணியைத் திருப்பிப் பார்ப்பதே கிடையாது. கழற்றுகிறான், மெஷினுக்குள் திணிக்கிறான், பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறான். கறை எங்கே இருக்கிறது, எண்ணெயா, துருவா, ரத்தமா, வெளியிலிருந்து பட்டதா, உடம்பிலிருந்து வந்ததா, எதுவும் தெரிய வேண்டாம். வெளுக்காவிட்டால் சோப்பைத் திட்டுகிறான். சோப்பு என்ன பண்ணும்? சோப்புக்குக் கண்ணா இருக்கிறது?

பெரியவருக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் நின்றவர். ஈர சிமெண்டுத் தரையில் நின்று நின்று பாதம் இரண்டும் பலகையாகிப் போயின. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஒரு போர்வையை விரித்துக் காட்டினால் போதும், பிரசவ வார்டா, எலும்பு வார்டா, அதில் படுத்திருந்தவன் வீட்டுக்குப் போனானா, பின்வாசல் வழியாகப் போனானா என்று சொல்லிவிடுவார். அங்கே அவருக்கு 'சோப்பு' என்றுதான் பெயர். பெரிய டாக்டர்கூட, "சோப்பைக் கூப்பிடு, இந்தக் கோட்டைக் கொடு" என்பார். சோப்பு ஒருத்தரையும் நம்பமாட்டார். புதிதாக வந்த மெஷினை நம்பவில்லை. அதோடு வந்த மெக்கானிக்கை நம்பவில்லை. ஓய்வு கொடுத்து அனுப்பிய அன்றைக்குக் கைகுலுக்கிய அதிகாரியையும் நம்பவில்லை.

ரத்தம் என்றால் மட்டும் தனி கவனம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வெந்நீர் பட்டால் வெந்துபோய் நூலோடு நூலாக ஒட்டிக்கொள்ளும். சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, கறையின் முதுகில் தண்ணீர் விட்டு, வந்த வழியிலேயே அதை வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு முதலில் அது எந்த வழியாக வந்தது என்று பார்த்தாக வேண்டும். இதைச் சொன்னால் இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள்.

அவருடைய ஒரே மகன் போலீசில் சார்ஜென்ட். பதினெட்டு வருஷ சர்வீஸ். கல்லு என்று ஊரில் பெயர். மற்ற போலீஸ்காரர்கள் தாளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது இவன் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவான். கண் தெரியாத ஒருத்தர் பஸ் நிலையத்தில் சீப்பும் கண்ணாடியும் விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டியை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்திருந்தால் ஒரு வாரம் ஆகும். இவன் மூன்று வீட்டுப் பூட்டை யாரிடமும் கேட்காமல் திறந்து, அன்று சாயங்காலமே பெட்டியை அவர் மடியில் கொண்டுபோய் வைத்தான். இப்படி நாலு காரியம் செய்தவனை ஜனங்கள் நம்பத்தான் செய்வார்கள். நாலுக்கும் நடுவில் நடந்ததை யார் கேட்டார்கள்?

வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் மகன் எதைப் போட்டாலும் பெரியவர் துவைத்துவிடுவார். சில நாள் உடுப்பின் கைப்பக்கம் ரத்தம் இருக்கும். மகன் உடம்பில் ஒரு கீறல் இருக்காது. யாருடையது என்று இவர் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. மருமகள் வந்த புதிதில் ஒரு தடவை கேட்டாள்.

"ஏன் மாமா, இவருக்கு எங்கயாவது அடிபட்டிருக்கா?"

"இல்லம்மா. அவனுக்குப் படல."

அவள் அப்புறம் கேட்கவில்லை.

அந்த வாரம் நாலு நாளாக விடாத மழை. கொடியில் போட்ட துணி போட்டபடியே நாறியது. சுவரில் கை வைத்தால் கை நனைந்தது. குளியலறைக்கு மேலே சாமான் போடும் பரண் ஒழுகியது. மருமகள் நாற்காலி போட்டு ஏறி, மேலே இருந்ததையெல்லாம் இறக்கி, ஒழுகும் இடத்தில் வாளியை வைத்தாள். இறக்கியதில் ஒரு பிளாஸ்டிக் பை. அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சமையல் வேலையைப் பார்க்கப் போனாள்.

பெரியவர் அதை அங்கே பார்த்தார். கட்டம் போட்ட நீலச் சட்டை. உடுப்பு இல்லை. சில வேலைக்கு மகன் சாதாரணச் சட்டையில் போவதுண்டு. பெரியவர் வழக்கம்போல ஜன்னலுக்குக் கொண்டுபோய் விரித்தார், திருப்பினார், பார்த்தார். வலது தோளில்தான் முழுக் கறையும். மேலிருந்து கீழாக நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் வழிந்திருந்தது. முதுகுப் பக்கம், தோளுக்குக் கீழே நாலு விரல் தடம். பக்கத்தில் பக்கத்தில், பிடித்து இழுத்த மாதிரி. சின்ன விரல்கள். தெறித்த புள்ளி ஒன்றுகூட இல்லை. ஸ்ட்ரெச்சர் கிடைக்காத நாளில் வார்டு ஆட்கள் நோயாளியைத் தோளில் போட்டுத் தூக்கிவருவார்கள். அவர்கள் சட்டை அச்சாக இப்படித்தான் கூடத்துக்கு வரும்.

"பரவாயில்லையே," என்று பெரியவர் வாய்விட்டே சொன்னார். "இந்தத் தடவை தூக்கியிருக்கான்."

பதினெட்டு வருஷத்தில் மகனுடைய துணியை அவ்வளவு சந்தோஷமாக அவர் துவைத்தது கிடையாது. பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டார். உப்பைத் தூவித் தேய்த்தார். விரல் தடம்தான் கடைசிவரை போகமாட்டேன் என்றது. அதற்கென்று பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்திருந்தார். நாலையும் ஒவ்வொன்றாக எடுத்தார். கஞ்சி போட்டு, காயாத சட்டையை இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்து, பட்டன் பட்டனாகத் தேய்த்து முடிக்கும்போது மணி ஒன்றாகிவிட்டது.

மகன் மழைக்கோட்டோடு உள்ளே வந்தான். தலையைக்கூடத் துவட்டவில்லை. நேராகப் பரணைத்தான் பார்த்தான்.

"இங்க ஒரு பை வச்சிருந்தேனே, எங்க?"

"மேல ஒழுகுச்சு. எடுத்துக் கதவுக்குப் பின்னால வச்சேன்," என்றாள் மருமகள். "வந்ததும் வராததுமா பைக்கு என்ன அவசரம்? சாப்பிடுங்க முதல்ல."

அவன் கதவுக்குப் பின்னால் பார்த்தான். பை வெறுமனே கிடந்தது.

"அந்த நீலச் சட்டைதானே?" பெரியவர் மேஜையிலிருந்து அதை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "இந்தா. தோள்ல கறை இருந்த இடத்தைக் காட்டு பாப்போம். எந்த மெஷினாவது இப்படி எடுக்குமா?"

மகன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் குளமானது.

"அப்பா, நீ என்ன பண்ணி வச்சிருக்க, தெரியுமா?"

பெரியவருக்குச் சட்டை விஷயம் உடனே பிடிபடவில்லை. 'நீ' என்றதுதான் முதலில் உறைத்தது. மீசை முளைத்ததிலிருந்து அவன் அவரை 'நீங்க' என்றே சொல்லி வந்தவன்.

"என்னடா பண்ணேன்? துவைச்சேன்."

"அது என் சட்டை இல்ல. ரொட்டி வேன்காரன் சட்டை."

ரொட்டி வேன்காரன் கதை மூன்று நாளாகத் தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பேக்கரிக்கு வண்டி ஓட்டுகிறவன். அவன் பெண்டாட்டி தையல் கம்பெனியில் பட்டன் தைக்கிறவள். மாடி வீட்டுப் படிக்கட்டின் அடியில் மண்டை உடைந்து கிடந்தாள் என்றும், தான் வந்து பார்த்துத் தோளில் தூக்கிப்போட்டு வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும், வழியிலேயே உயிர் போய்விட்டதாகவும் அவன் சொன்னான். குடிகாரன். அவளை அடிப்பவன். அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"அவன் பிணவறையில நிக்கும்போது நான் போய் வீட்டைத் திறந்தேன்," என்றான் மகன். "சட்டை வாளியில கிடந்துச்சு. தண்ணி ஊத்தல. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, நான் மட்டும்தான். ஸ்டேஷன்ல சாமான் அறைச் சாவி வச்சிருக்கிறவன் வேன்காரனோட அக்கா புருஷன். அங்க வச்சா காணாப் போயிடும். சாட்சிக்கு நாலு பேரைத் தேடிப் பிடிச்சு, இன்னைக்குக் கூட்டிட்டுப் போய், திரும்ப வாளியில போட்டு, முறைப்படி எடுக்கலாம்னு இருந்தேன்." அவன் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தான். திடீரென்று சிரித்தான். கேட்கச் சகிக்கவில்லை. "அவன் துவைச்சிடுவான்னு பயந்துதான்பா தூக்கிட்டு வந்தேன். நம்ம வீட்டுலயே துவைச்சுக் கஞ்சி போட்டாச்சு."

மருமகள் கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். "நான்தானே இறக்கி வச்சேன்," என்றாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள்.

"நீ ஏன் அழற? ரெண்டு தடவை அந்தப் பொண்ணு ஸ்டேஷனுக்கு வந்தா," என்றான் அவன், யாரையும் பார்க்காமல். "முதல் தடவை உதடு வீங்கியிருந்துச்சு. ரெண்டாவது தடவை காதுல ரத்தம். புருஷன் பொண்டாட்டி விஷயம், போய்ச் சமாதானமா இருங்கம்மான்னு நான்தான் திருப்பி அனுப்புனேன். நாந்தான். வேற யாரும் இல்ல. மூணாவது தடவை வரவே இல்ல அவ."

பெரியவர் சட்டையை மேஜைமேல் வைத்தார். வைத்த இடத்திலேயே மறுபடி மடித்தார்.

மூன்றாவது தடவை அவள் வந்தாள். ஸ்டேஷனுக்கு இல்லை, இந்த வீட்டுக்கு. பத்து நாள் இருக்கும். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். மகன் இரவு வேலை முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, "ஐயா, சார்ஜென்ட் சார் இருக்காரா?" என்றாள். வந்தவளைப் பெரியவருக்குப் பிடிக்கவில்லை. எவளோ, எதற்கோ, யார் அனுப்பினார்களோ. "இது ஆபீஸ் இல்ல. தூங்குறான். ஸ்டேஷன்ல போய்ப் பேசு," என்றார். "அங்க ரெண்டு தடவை போயிட்டேங்கய்யா." "அப்ப மூணாவது தடவை போ." கேட்டுக் கம்பியை அவள் நாலு விரலும் பிடித்திருந்தன. நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்தது. அப்புறம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயமா என்று விட்டுவிட்டார். இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது வேறொன்றுதான் வந்தது.

"டேய். அந்தச் சட்டைல முதுகுப் பக்கம் விரல் தடம் இருந்துச்சு. தூக்கிட்டுப் போறவனைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி. தெறிச்சது ஒண்ணு இல்ல. வலது தோள் மட்டும்தான். அவன் சொன்ன மாதிரியே தூக்கித்தான்..."

"எந்தச் சட்டையில?"

"இதுலதான்."

மகன் எழுந்து வந்தான். சட்டையை உதறி விரித்து, முதுகுப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். வெள்ளையும் நீலமுமாகப் பளிச்சென்று இருந்தது.

"எங்க இருக்கு? காட்டுங்க."

பெரியவர் பார்த்தார்.

"காட்டுங்கப்பா. நாலு விரலாச்சே. ஒண்ணையாவது காட்டுங்க."

'நீங்க' திரும்பி வந்துவிட்டது. அதற்கு 'நீ'யே தேவலை என்று பெரியவருக்கு இருந்தது. அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. செய்த சோற்றில் தண்ணீர் ஊற்றப்பட்டது.

இரண்டு நாள் கழித்து மருமகள் சொல்லித்தான் மீதி தெரிந்தது. அவன் சட்டையை மடித்து ஒரு காகித உறையில் போட்டு, அரக்கு வைத்து ஒட்டி, மேலே ஏதோ நம்பர் எழுதி வேன்காரன் முன்னால் வைத்தானாம். உறையின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து, காலர் மட்டும் தெரிய வைத்தானாம். 'லேப்ல இருந்து வந்துடுச்சு. சட்டை பேசிடுச்சு' என்றானாம். வேன்காரன் அந்தக் காலரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'என்ன சொல்லுச்சு சார்?' என்று கேட்டானாம். 'நீதான்னு சொல்லுச்சு.' உடனே அவன் குலுங்கிக் குலுங்கி அழுது, நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டானாம்.

"கைகூட வைக்கலையாம் மாமா, சத்தியமா," என்றாள் மருமகள். "திங்கக்கிழமை ஜட்ஜுகிட்டயும் அவனே வாயால ஒத்துக்கப் போறானாம். அப்புறம் சட்டையே தேவைப்படாதாம். நல்லபடியா முடிஞ்சுடும்."

"ம்."

"நீங்க பண்ணுனதும் வெளிய வராது."

"ம்."

"என்ன மாமா, ம்ம்னே சொல்றீங்க?"

"வேற என்னம்மா சொல்ல? ரொட்டியைக் கொடு, டீல தொட்டுச் சாப்பிடறேன்."

சாப்பிட முடியவில்லை. ரொட்டி எந்த பேக்கரி என்று காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே மூடி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் மழை கொஞ்சம் விட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு மகன் போன் செய்தான். ஜீப்பில் வரும்போது உடுப்பு நனைந்துவிட்டதாம், கோர்ட்டில் அப்படியே நிற்க முடியாதாம், காய்ந்த சட்டை வேண்டுமாம். "நான் கொண்டுபோறேன்," என்றார் பெரியவர். தேய்த்த காக்கிச் சட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிப்பு கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார்.

கோர்ட்டு மாடி வராந்தா முழுக்க ஈரக் குடைகளும் செருப்புத் தடங்களுமாக இருந்தது. சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் வேன்காரன் உட்கார்ந்திருந்தான். கையில் விலங்கு. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் தினசரி படித்துக்கொண்டிருந்தார். பெரியவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கய்யா. சார்ஜென்ட் உள்ள கிளார்க்கைப் பாக்கப் போயிருக்கார். இப்படி உக்காருங்க, நான் போய்ச் சொல்லிட்டு வரேன். இவன் எங்கயும் போகமாட்டான், நீளச் சங்கிலி போட்டு பெஞ்சோட சேத்துதான் பூட்டியிருக்கு."

பெரியவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். சட்டை மடியில் இருந்தது. வேன்காரனை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. ஒடிசலான ஆள். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணில் இன்னும் குடிகாரன் சிவப்பு. பார்த்ததும் நம்பத் தோன்றுகிற முகம் இல்லை. பெரியவருக்கு எந்த முகமும் அப்படித் தோன்றியதில்லை என்பது வேறு விஷயம்.

"ஏம்ப்பா," என்றார், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. "அவளை எந்தத் தோள்ல தூக்குன?"

வேன்காரன் திரும்பினான். "என்னங்கய்யா?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன்னியே. எந்தத் தோள்ல?"

இதைக் கேட்கத்தான் பஸ் ஏறி வந்தார். உலகத்தில் வேறு யாரும் கேட்க முடியாத கேள்வி. பதில் சரியா தப்பா என்று சொல்ல, அந்தச் சட்டையைத் திருப்பிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

"நீங்க யாரு? வக்கீலா?"

"வக்கீல் மாதிரியா இருக்கு என்னைப் பாத்தா? நான் துணி துவைக்கிறவன். சொல்லு."

வேன்காரன் ஒரு மாதிரியாகச் சிரித்தான். "எந்தத் தோளா இருந்தா என்னங்கய்யா இப்ப? நான்தான் தள்ளிவிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. அவளை நான் எத்தனை நாள் அடிச்சிருக்கேன். அதுக்கெல்லாம் யாரும் என்னைக் கூப்பிட்டு உக்கார வைக்கல. சட்டையே சொல்லிடுச்சுன்னு சார் சொன்னாரு. சரி, சட்டைக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்." விலங்கைக் குனிந்து பார்த்தான். "பாதி வழியில, கீழ எறக்கு, வலிக்குதுன்னா. எறக்கியிருந்தா பிழைச்சிருப்பாளோ என்னவோ."

பேசிக்கொண்டே விலங்கோடு சேர்த்து இரண்டு கையையும் தூக்கினான். இடது கை போய் வலது தோளின்மேல் உட்கார்ந்தது. விரல்கள் தோளுக்குப் பின்னால், முதுகுப் பக்கம், எதையோ தேடுகிற மாதிரி அழுத்தித் தடவின. அவனுக்கே அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

பெரியவர் மடியில் இருந்த உறையை இறுக்கிப் பிடித்தார். பிளாஸ்டிக் கரகரத்தது.

மகன் வந்தான். "கொடுங்கப்பா," என்று சட்டையை வாங்கினான். வாங்கும்போது அப்பா முகத்தைப் பார்த்தான். தோளைத் தடவிக்கொண்டிருந்த வேன்காரனையும் பார்த்தான். பதினெட்டு வருஷமாக ஆட்களைப் பார்க்கிறவன். அவரைத் தனியாகத் தூண் பக்கம் கூட்டிப் போனான்.

"அவன்கிட்ட என்ன கேட்டீங்க?"

"வலது தோள்தான்."

"சொன்னானா?"

"சொல்லல. தடவுனான்."

மகன் ஈரச் சட்டையைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டினான். பட்டன் போட்டபடியே மெதுவாகச் சொன்னான். "அடிச்சவனும் தூக்குவான்பா. தள்ளிவிட்டுட்டு, ரத்தத்தைப் பாத்துப் பயந்து, அவனே தூக்கிட்டு ஓடியிருப்பான். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். ரெண்டும் ஒரே ஆள் பண்றதுதான்."

"பண்ணாமலும் இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்." அவன் காலரைச் சரிசெய்தான். "அப்ப அவ எப்படிச் செத்தா? தானா விழுந்தாளா? ரெண்டு தடவை நான் திருப்பி அனுப்பின பொண்ணு தானா கால் தவறி விழுந்து செத்தான்னு நான் நம்பணுமா? நம்பிட்டு வீட்டுல வந்து சாப்பிடணுமா?"

பெரியவருக்குத் தொண்டை வரை வந்தது. ரெண்டு தடவை இல்லை, மூணு. கேட்டுக் கம்பியில் நாலு விரல். நான் பார்த்தேன்.

"அந்தக் கதவுதான்," என்றான் மகன், மூடியிருந்த அறையைக் காட்டி. "உள்ள கிளார்க் இருக்கார். போய்ச் சொல்லுங்க. சட்டையை நான் துவைச்சேன், என் மகன் திருட்டுத்தனமா எடுத்துட்டு வந்தான், அதுல இப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. எழுதிப்பாங்க. என் வேலை போகும், போகட்டும். நான் தடுக்கல."

உண்மையாகவே தடுக்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றான்.

பெரியவர் அந்தக் கதவு வரைக்கும் போனார். பித்தளைக் கைப்பிடி. பல கை பட்டு நடுவில் மட்டும் பளபளத்தது. உள்ளே யாரோ தட்டச்சு செய்யும் சத்தம். எப்படி ஆரம்பிப்பது? கறையைத் துவைத்தவன் வந்து கறை இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கே, காட்டு என்பார்கள். தானே நம்பமாட்டார். அப்புறம், பெரியவரே, அந்தப் பெண்ணை உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று ஒருத்தன் கேட்பான். இப்படிப்பட்டவர்கள் அதைக் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

கதவு உள்ளிருந்து திறந்தது. கிளார்க் தலையை நீட்டி, "யாரு, சாட்சியா?" என்றார்.

"இல்லங்க," என்றார் பெரியவர். "சட்டை கொடுக்க வந்தேன்."

கிளார்க் வேன்காரன் வழக்கின் நம்பரைச் சத்தமாகக் கூப்பிட்டார். போலீஸ்காரர் பெஞ்சிலிருந்து சங்கிலியை விடுவித்தார். வேன்காரன் எழுந்து, தேய்த்த சட்டையில் விறைப்பாக நின்ற சார்ஜென்ட்டுக்குப் பின்னால் அறைக்குள் போனான். போகும்போது பெரியவரைப் பார்த்து, தெரிந்தவரிடம் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி தலையசைத்தான்.

பெரியவர் மாடிப்படியில் இறங்கினார். படி ஈரமாக இருந்தது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அடிச்சவனும் தூக்குவான் என்று ஒரு படியில் சொல்லிக்கொண்டார். ஆமாம், தூக்குவான், ஏன் தூக்கமாட்டான் என்று அடுத்த படியில். தோளை எவன் வேண்டுமானாலும் தடவுவான், விலங்கு மாட்டினால் கை கடுக்கும், தடவத்தான் செய்வான். மகன் ஆட்களைப் பார்த்தவன். தான் பார்த்தது வெறும் துணி. கீழ்ப்படி வரைக்கும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கீழே வந்து குடையை விரித்தார். தன் கையையே ஒருமுறை திருப்பிப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. நம்பிக்கை வராமல், பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து மழையில் நடந்தார்.